டெல்லியில் எண்ணிக்கை சரியாக இருந்தது

ஓடைப்பட்டி ஜோதிலட்சுமி டெல்லியில் தொலைந்துபோகவில்லை. அந்தப் பயணத்தில் போய்வந்த மற்ற இருபத்து மூன்று பேரும் அப்படித்தான் சொல்கிறார்கள். தொலைந்தேன் என்று சொல்பவள் அவள் ஒருத்தி. இருபத்து மூன்றுக்கு ஒன்று என்றால் உண்மை யார் பக்கம் நிற்கும் என்பதை, பாராளுமன்றத்தை வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் பிறந்தது கூடலூர். கல்யாணத்துக்கு முன் மூன்று வருஷம் விடியற்காலை ஜீப்பில் குமுளி ஏறி, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவள். அதில் மிச்சமானது கொஞ்சம் மலையாளமும் குளிருக்கு அசராத உடம்பும். இருபத்தொரு வயதில் ஓடைப்பட்டி சுருளியாண்டிக்கு வாழ்க்கைப்பட்டாள். இரண்டரை ஏக்கர் திராட்சை. இருபத்தாறு வருஷமாகப் பந்தலுக்கு அடியில்தான் பகல் முழுக்க. கவாத்து, கொடி கட்டுவது, கொத்தில் பிஞ்சு குறைப்பது எல்லாம் அண்ணாந்துகொண்டே செய்கிற வேலை. வரப்பில் நின்று பார்க்கிறவர்களுக்குப் பந்தலுக்கு அடியில் இருப்பவர்களின் கால்தான் தெரியும். தலை இலைக்குள் இருக்கும். சுருளியாண்டி வரப்பில் நின்று ஒரு ஜோடிக் காலைப் பார்த்து, "காப்பி கொண்டா" என்பார். காப்பி வரும்.

சொந்தக்காரர் கல்யாணங்களுக்கு மூன்று நாள் முன்னதாகவே போய்விடுவாள். தேங்காய் துருவி, பாத்திரம் கழுவி, மணமகளுக்குப் பூ தொடுத்து முடித்து, கடைசிப் பந்தியில் வந்து உட்காரும்போது யாராவது கேட்பார்கள்: "இப்பத்தான் வந்தியா ஆத்தா?" அவளும் "ஆமா" என்பாள். எதற்கு வம்பு.

டெல்லிக்குப் போனது திராட்சை விவசாயிகள் சங்கம் ஏற்பாடு செய்த பயணம். ஒரு நாள் விவசாயக் கண்காட்சி, ஒரு நாள் ஊர் சுற்றிப் பார்ப்பது, மறுநாள் சாயங்காலம் ரயில். கூட்டிப்போனவர் கமிஷன் கடை பிச்சைமணி. ஆட்கள் இருபத்து நான்கு பேர்; அவரும் அவர் மருமகன் லிங்கேஸ்வரனும் கணக்கில் சேர்த்தி இல்லை. பிச்சைமணி எண்ணுவது தனி விதம். லாரியில் திராட்சைப் பெட்டி ஏற்றும்போது முதல் பெட்டியை "ஒண்ணு" என்று சொல்ல மாட்டார். ஒன்று என்று வாய் திறந்தால் ஒன்றோடு நின்றுபோகுமாம். அதனால் முதல் பெட்டி "லாபம்". அடுத்தது "ரெண்டு", "மூணு". நெல் அளக்கிற காலத்திலிருந்து வருகிற பழக்கம். கம்ப்யூட்டர் பில் போடுகிற கடையிலும் போகவில்லை. பஸ்ஸில் ஆட்களையும் அப்படியேதான் எண்ணினார். முதல் சீட்டில் இருப்பவர் தலையில் விரலால் தட்டி, "லாபம்". அப்புறம் ரெண்டு, மூணு என்று கடைசி சீட் வரை. இருபத்து நான்கில் முடிந்ததும் டிரைவரைப் பார்த்துக் கையை வீசுவார். வண்டி கிளம்பும்.

சுற்றிப் பார்க்கிற அன்று காலையில் இந்தியா கேட், பாராளுமன்றம், ராஷ்டிரபதி பவன் கேட். எல்லாம் கேட்தான், உள்ளே எதுவும் இல்லை. மத்தியானம் சோலா பூரி. பூரி ஒன்று தலையணை அளவு இருந்தது. பிச்சைமணி மூன்று சாப்பிட்டார். நாலாவது கேட்பதற்குள் வயிறு பதில் சொல்லிவிட்டது. அவரை ஆட்டோவில் ஏற்றி கரோல்பாக் லாட்ஜுக்கு அனுப்பிவிட்டு, பொறுப்பை லிங்கேஸ்வரன் எடுத்துக்கொண்டான். தேனியில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலை, இந்தி தெரியும், மாமனார் கடையைத் தானே ஒரு நாள் எடுத்து நடத்தவேண்டியிருக்கும் என்கிற நினைப்பும் உண்டு.

ஹுமாயூன் கல்லறைக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று. மார்கழிப் பனி மத்தியானத்திலும் விலகவில்லை. வெயில் என்று பேருக்கு ஒன்று இருந்தது. வானத்தில் வெள்ளைத் தட்டு மாதிரி ஒட்டியிருந்தது. தரையில் நிழலே விழவில்லை. இதை மற்றவர்கள் கவனிக்கவில்லை. பந்தலுக்கு அடியில் விழும் வெயில் புள்ளியை வைத்து மணி சொல்கிறவள் ஜோதிலட்சுமி. அவள் குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்ற நாத்தனார் முனீஸ்வரியின் காலடியைப் பார்த்தாள். அங்கும் இல்லை. அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"பையெல்லாம் பஸ்லயே இருக்கட்டும். அரை மணி நேரந்தான்" என்றான் லிங்கேஸ்வரன். சுருளியாண்டியின் செல் வீடியோ எடுத்தே செத்திருந்தது. அவர் பெண்டாட்டி செல்லை வாங்கி நாலு போட்டோ எடுத்துவிட்டு, இறங்கும்போது அவள் பையில் போட்டார். பை அவள் சீட்டில் இருந்தது. இடுப்பில் சுருக்குப் பை மட்டும் அவளோடு வந்தது. அதில் கொஞ்சம் பணமும், எல்லாருக்கும் கொடுத்த மாதிரி லாட்ஜ் அட்டை ஒன்றும்.

உள்ளே பெரிய கூடம். நடுவில் வெள்ளைக் கல்லறை. கைடு இந்தியில் சொல்லச் சொல்ல லிங்கேஸ்வரன் தமிழாக்கினான்.

"இது சும்மா கல்லு மாமா. ஆளு இதுக்கு நேர் கீழ, மண்ணுக்குள்ள இருக்காராம்."

"அப்ப இது?" என்றார் சுருளியாண்டி.

"அடையாளத்துக்கு."

"ஏலே, நம்மூர்ல ரேஷன் கார்டுக்குத்தான் டூப்ளிகேட்டு. இங்கன பொணத்துக்கே வச்சிருக்கானுக!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு மேலே குவிமாடத்துக்குள் போய், சற்று நேரம் கழித்து வேறு யாரோ சிரித்த மாதிரி இறங்கி வந்தது.

பக்கத்து அறைகளிலும் வெளியே மேடையிலும் சின்னச் சின்னதாக நிறையக் கல்லறைகள். நூற்றுக்கு மேல் இருக்குமாம். பாதிக்கு மேல் யாருடையது என்றே தெரியாதாம். ஆண் என்றால் கல்லின் மேல் எழுதுகோல் பெட்டி மாதிரி செதுக்கியிருப்பார்களாம். பெண் என்றால் வெறும் சிலேட்டு. கைடு அதோடு அடுத்த அறைக்குப் போய்விட்டான். கூட்டமும் போனது. ஜோதிலட்சுமி ஒரு சிலேட்டுக் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். சின்னக் கல். அவள் உயரம் இருக்கும். மேலே சிலேட்டு வழவழவென்று, ஒரு எழுத்து இல்லாமல். கையை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது. ராஜா வீட்டுப் பொம்பளைதான், இருந்தும் என்ன, இவள் யார் என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. சற்று நேரம் அப்படியே நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. நிழலும் இல்லை, செல்லும் இல்லை.

இருமல் வந்தது. இருமினாள். அந்த இருமல் சுவரில் போய் முட்டித் திரும்பியது. அது போன பிறகு இன்னொன்றும் வந்தது. அதை அவள் இருமவில்லை.

வேகமாக வெளியே வந்தாள். மேடையில் யாரும் இல்லை. செங்குத்தான படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி, நீண்ட நடைபாதையில் ஓட்டமும் நடையுமாக வாசலுக்கு வந்தாள். பஸ் நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டின ஈரம் மட்டும் இருந்தது.

முதலில் அவள் பயப்படவில்லை. பத்து நிமிஷத்தில் திரும்பி வருவார்கள். சீட் காலியாக இருக்கிறதே, கண்ணில் படாமலா போகும். பக்கத்தில் முனீஸ்வரி. முன்னால் வீட்டுக்காரர். அதோடு எண்ணாமல் வண்டி எடுக்கமாட்டார்கள். அந்த நம்பிக்கையில் ஒரு மணி நேரம் நின்றாள். பனி இறங்கி மரமெல்லாம் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது. நடந்துபோகிறவர்களும் கால் மட்டுமாகப் போனார்கள்.

அப்போதுதான் பக்கத்தில் மலையாளம் கேட்டது. இரண்டு நர்ஸ் பெண்கள், லீவு நாளில் சுற்றிப்பார்க்க வந்தவர்கள். ஜோதிலட்சுமி தன் ஏலத்தோட்டத்து மலையாளத்தை எடுத்துப் போட்டாள். ஒருத்தி, "சேச்சி ஒற்றைக்காணோ?" என்று கேட்டாள். தனியாகவா வந்தீர்கள் என்று. அந்தக் கேள்விக்குத்தான் ஜோதிலட்சுமிக்கு அழுகை வந்தது.

அந்தப் பெண் தன் செல்லை நீட்டினாள். சுருளியாண்டி நம்பர் அணைந்திருந்தது. வேறு எந்த நம்பரும் மனப்பாடமாகத் தெரியாது, தன்னுடையதைத் தவிர. தன் நம்பரையே போடச் சொன்னாள். நாலு தடவை அடித்ததும் யாரோ எடுத்தார்கள். பஸ் ஓடுகிற சத்தம். ஹாரன். யாரோ பாடுகிறார்கள். ஒரு பொம்பளைக் குரல்.

"ஹலோ?"

"ஹலோ... நான் ஜோதி..."

"ஜோதியவா கேக்குறீக? இங்கனதான் இருக்காக. தூங்குறாக. எழுப்பவா?"

ஊர்க்குரல்தான். ஆனால் யார் என்று பிடிபடவில்லை. முனீஸ்வரி இல்லை. தன்னைத் தவிர வந்த பொம்பளைகள் ஏழு பேர், ஏழு பேர் குரலும் அவளுக்குத் தெரியும். இதுவும் தெரிந்த குரல்தான், எங்கோ ரொம்பப் பக்கத்தில் கேட்ட குரல். ஆனால் அந்த ஏழில் இல்லை.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன சொல்லியிருப்போம் என்பது வேறு. ஜோதிலட்சுமி தன் வாழ்நாளில் யாரையும் தொந்தரவு பண்ணாதவள். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது:

"வேணாம். தூங்கட்டும்."

"சரித்தா" என்றது குரல். வைத்துவிட்டது.

வைத்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. மறுபடி போடச் சொன்னாள். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை சுவிட்ச் ஆஃப் என்று இந்தியில் ஒருத்தி சொன்னாள்.

லாட்ஜ் அட்டையைப் பார்த்து நர்ஸ் பெண் ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள். டிரைவரிடம் இரண்டு தடவை சொல்லி, வண்டி நம்பரைப் படம் எடுத்துவைத்துக்கொண்டு அனுப்பினாள். பெயர் கேட்காமல் வந்துவிட்டோமே என்று ஜோதிலட்சுமிக்கு இன்றைக்கும் வருத்தம்.

லாட்ஜுக்கு வந்தபோது மணி ஏழு. வழியெல்லாம் ஒரே நினைப்புதான்: எல்லாரும் வாசலில் நிற்பார்கள், இவர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாசலில் யாரும் இல்லை. மாடி வராந்தாவில் தயிர்சாதப் பொட்டலக் காகிதங்கள் கிடந்தன. அறையில் சுருளியாண்டி கட்டிலில் சாய்ந்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"கதவைச் சாத்து. குளிருது."

"என்னங்க..."

"பாத்ரூமுல தண்ணி வருதா?"

"நான் இப்பத்தாங்க வர்றேன். விட்டுட்டு வந்துட்டீகளே!"

"எத?"

"என்னைய!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். குடித்தவர்களைப் பார்க்கிற மாதிரி. "பஸ்ல எனக்குப் பின்னாடிதான இருந்தே? கழுத்துல மப்ளர் அவுந்து கெடக்குன்னு எடுத்துக் குடுத்தியே?"

"நானா?"

"பின்ன யாரு?"

சத்தம் கேட்டு முனீஸ்வரி வந்தாள். சுருளியாண்டிக்குச் சின்னம்மா மகள். "என்ன மதினி, என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டுத்தான வந்தீக? சன்னலச் சாத்தட்டான்னு கேட்டேன், 'ம்'முன்னீக."

"சாப்பாட்டுப் பொட்டலம்?"

"இருபத்திநாலும் தீந்துச்சே. உங்களதுந்தான்."

அவள் செல் தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. ஜோதிலட்சுமி எடுத்துப் பார்த்தாள். ஐந்து மணி பத்து நிமிஷத்துக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு. எடுத்துப் பேசியிருக்கிறது. இருபத்திரண்டு நொடி. அதற்கடுத்து எடுக்காத அழைப்பு ஒன்று. அதை எல்லாருக்கும் காட்டினாள். யார் எடுத்தது என்று கேட்டாள். ஏழு பொம்பளைகளும் இல்லை என்றார்கள்.

"உன் மடியிலதான பை இருந்துச்சு. நீதான் எடுத்திருப்பே" என்றார் சுருளியாண்டி.

விவகாரம் பிச்சைமணியிடம் போனது. அவர் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார். அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து ஓடுகிற நிலைமையிலும் நாட்டாமை விடவில்லை.

"மாப்ளே, கெளம்புறப்ப எண்ணுனீகளா?"

"எண்ணுனேன் மாமா. நீங்க எண்ணுற மாதிரியே, லாபத்துல ஆரம்பிச்சு."

"எத்தன?"

"இருபத்திநாலு."

பிச்சைமணி கம்பளியை இழுத்து மூடிக்கொண்டார். "அப்பறம் என்னாத்தா? எண்ணிக்கை சரியா இருக்குல்ல. அசதி. தூங்கி எந்திரிச்சாச் சரியாப் போயிரும்."

தீர்ப்பு அவ்வளவுதான். தாலுகா ஆபீஸில் உயிரோடு போய் நின்று, தன் இறப்புச் சான்றிதழைத் திருத்தச் சொல்லுகிறவர்களுக்கும் இதே பதில்தான் கிடைக்கும்.

அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மன்னிப்புகூட வேண்டாம். ஒரே ஒரு ஆள், அதிலும் அவர், "நீ இல்ல, நான் பாக்கல" என்று சொன்னால் போதும். சொல்லாவிட்டால், அந்த பஸ்ஸில் இருந்தது அவள்தான் என்றாகிவிடும். அப்படியானால் பனியில் நின்று அழுதது யார்? படுக்கையில் கிடந்து தன் பாதத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். செம்மண் ஒட்டியிருந்தது. அந்தச் செம்மண் எந்த ஊருடையது என்று மண்ணைப் பார்த்து யார் சொல்ல முடியும்.

விடிந்ததும் நிலைமை இன்னும் மோசமானது. முந்தின நாள் சாயங்காலம் பஸ்ஸில் தூங்கியவள், காலை டீ நேரத்துக்குள் அதே பஸ்ஸில் பாட்டுப் பாடியவளாகியிருந்தாள்.

"மதினி, உங்களுக்கு இம்புட்டு நல்லாப் பாட வரும்னு தெரியாமப் போச்சே" என்றாள் முனீஸ்வரி.

பத்து மணிக்கு ஸ்வெட்டர் வாங்கக் கடைவீதிக்குப் போனபோது, இன்னொருத்தி, "அந்தக் கைடு மாதிரி நடந்து காட்டுனீகளே, சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு வலி" என்றாள். பொய் சொல்கிற முகம் இல்லை. எல்லாருக்கும் நிஜமாகவே ஞாபகம் இருந்தது. எண்ணிக்கை சரி என்று முடிவான பிறகு, அந்தச் சீட்டில் ஆளை வைத்தாகவேண்டியிருந்தது. வைத்த ஆளுக்குக் குரல், பாட்டு, கேலி எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஜோதிலட்சுமிக்குப் பயத்தோடு கொஞ்சம் பொறாமையும் வந்தது. அவளைவிட, பஸ்ஸில் இருந்த அவள் நன்றாக இருந்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவளை யாரும் இப்படி மெச்சியதில்லை.

ரயில் சாயங்காலம் நாலு மணிக்கு. மூன்றரைக்கெல்லாம் பிளாட்பாரத்தில் மூட்டைகளை அடுக்கிவிட்டு எல்லாரும் நின்றார்கள். பிச்சைமணி ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து, கண்ணை மூடி வயிற்றைப் பிடித்திருந்தார். மருமகன்தான் எண்ண வந்தான். ஜோதிலட்சுமிக்கு அந்த நேரத்தில்தான் அது தோன்றியது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பத்தடி தள்ளி ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஒளிய வேண்டும் என்றுகூட இல்லை. யாராவது திரும்பினால் முந்தானை தெரியும்.

லிங்கேஸ்வரன் செருப்பைக் கழற்றினான். கழுத்துச் சங்கிலியில் தொங்கிய முருகன் டாலரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சத்தமாகச் சொன்னான்:

"லாபம்."

பிறகு முதல் ஆளின் தோளைத் தொட்டு, "ரெண்டு." அடுத்த ஆள், "மூணு."

ஜோதிலட்சுமி தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இருபது. இருபத்தொண்ணு. கடைசியாகச் சுருளியாண்டியின் முதுகைத் தட்டி, "இருபத்திநாலு. எல்லாரும் வந்தாச்சு மாமா" என்றான்.

நான் இங்கே நிற்கிறேன், எண்ணிக்கை முழுசாக இருக்கிறது. அப்புறம்தான் விரலை மடக்கி முதலிலிருந்து போட்டுப் பார்த்தாள். பெட்டி ஏற்றுகிற இடத்தில் இருபத்தாறு வருஷம் நின்றவள். லாபத்தை முதல் ஆளுக்கல்லவா கொடுக்க வேண்டும்? இவன் சாமிக்குக் கொடுத்துவிட்டு, முதல் ஆளை ரெண்டு என்கிறான். மாமனார் "லாபம்" சொல்வதைக் கேட்டிருக்கிறான். விரல் எங்கே படுகிறது என்று பார்த்ததில்லை. நேற்று பஸ்ஸிலும் இப்படித்தான் எண்ணியிருப்பான். அவளுடைய சீட்டில் இருந்தது பேயும் இல்லை, பிசாசும் இல்லை, இவன் கழுத்துச் சங்கிலி.

அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வெளியே வந்து, "இங்க பாருங்க மாப்ளே" என்று சொல்லியிருந்தால் அத்தனை பேர் வாயும் அடைத்திருக்கும். சொல்ல ஓரடி எடுத்தும் வைத்தாள். அப்போதுதான் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

சுருளியாண்டி தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றார். பக்கத்தில் யாரும் இல்லை; வலதுபுறம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. அவர் அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தார். ஸ்வெட்டருக்கு நானூறு அதிகம் என்றார். ஊருக்குப் போனதும் வடக்குப் பத்திக்கு மருந்தடிக்க வேண்டும் என்றார். நடுநடுவே நிறுத்தினார், பதில் கேட்கிற மாதிரி. பிறகு தலையை ஆட்டினார். ஒரு தடவை சிரித்தார். முகத்தைத் திருப்பவே இல்லை. திருப்பாமலே, "தண்ணி" என்று கையை நீட்டினார்.

தண்ணி பாட்டில் தூணுக்குப் பின்னால் ஜோதிலட்சுமியின் பையில் இருந்தது. அவள் அசையவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்து, கட்டுக்கட்டாகப் படுக்கை மூட்டை சுமந்த ஒரு பெரிய கூட்டம் குறுக்கே போனது. தலைகள், மூட்டைகள், மறுபடி தலைகள். கூட்டம் விலகியபோது சுருளியாண்டி அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

குடித்து முடித்து, வாயைத் துடைத்து, பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வலதுபக்கம் நீட்டினார். யாரும் வாங்கவில்லை. சற்று ஆட்டிக் காட்டினார். அப்போதுதான் திரும்பினார்.

காலி இடத்தை அவர் பார்த்த பார்வையைப் பற்றி ஜோதிலட்சுமி அதிகம் சொல்வதில்லை. பிறகு பின்னால் பார்த்தார். கூட்டத்துக்குள் பார்த்தார். தண்டவாளத்துக்குக் கீழே எட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் கத்தினார்.

"ஜோதி! ஏ ஜோதி!"

அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பிளாட்பாரம் நெடுக ஓடினார், மப்ளர் ஒரு பக்கம் தொங்க. லிங்கேஸ்வரன் பின்னாலேயே ஓடினான். "மாமா, எண்ணிட்டேன் மாமா, சரியாத்தான் இருக்கு!"

"சரியா இருக்கா? எங்கடா இருக்கா?"

அவள் தூணை விட்டு வெளியே வந்தாள். அவர் மூச்சு வாங்க வந்து நின்றார். தொட வந்து, தொடாமல் நிறுத்திக்கொண்டார். முதலில் அவள் கால்களைப் பார்த்தார். அப்புறம் முகத்தை.

"இங்கனயா நின்னே?"

"இங்கனதான் நிக்கிறேன். எண்ண ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியிருந்து."

"அப்ப... மருந்தடிக்கணும்னு சொன்னேன். ம்னு கேட்டுச்சே."

"நான் சொல்லல."

"தண்ணி குடுத்தியே."

அவள் பையைத் திறந்து பாட்டிலை எடுத்துக் காட்டினாள். மூடி திறக்காமல் இருந்தது. அவர் தன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். லேபிள் இல்லாத பாட்டில். அதன் வெளிப்புறமெல்லாம் பனி பூத்திருந்தது. கூட்டத்தில் போன யாரோ ஒரு புண்ணியவான் நீட்டிய கையைப் பார்த்துக் கொடுத்திருக்கலாம். அப்படித்தான் இருக்கும். சுருளியாண்டி அதைத் தண்டவாளத்தில் வீசினார். அது உடையாமல் கொஞ்ச தூரம் உருண்டு நின்றது.

"நேத்து?" என்று கேட்டாள் ஜோதிலட்சுமி.

ரயில் வந்து நின்றது. எல்லாரும் மூட்டைகளைத் தூக்கினார்கள். அவர் மெதுவாகச் சொன்னார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

"நேத்து நான் திரும்பிப் பாக்கல. பின்னாடி ஆள் இருந்துச்சு, மப்ளர எடுத்துக் குடுத்துச்சு. அது யாருன்னு நான் பாக்கல."

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்ததும் அதைக் கையில் வைத்துக்கொள்ளத்தான் பயமாக இருந்தது. "பாக்கல" வரைக்கும் அவளுக்கு வேண்டும். "ஆள் இருந்துச்சு" வேண்டாம். இரண்டையும் பிரித்து வாங்க வழியில்லை.

லாபத்தின் கதையை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மருமகன் சங்கிலியை எண்ணினான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சுருளியாண்டி அந்த ரயிலிலேயே நிம்மதியாகக் குறட்டை விட்டிருப்பார். சொல்லவில்லை. அது மட்டுமில்லை, சொன்னாலும் அந்த இருபத்திரண்டு நொடிக்கு அது பதில் ஆகாது என்பதும் அவளுக்குத் தெரியும். தூங்குகிறாள், எழுப்பவா என்று கேட்ட குரல் யாருடையது என்று இப்போதெல்லாம் ஓரளவு தெரிந்தமாதிரி இருக்கிறதாம். கேட்டால், "எனக்கே என் குரலு செல்லுல வேற மாதிரித்தான் கேக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, காப்பி குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள்.

ரயிலில் இரண்டு பகல், இரண்டு இரவு. சுருளியாண்டி எதிர் சீட்டில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அவள் கண் அசந்தால் தொட்டு எழுப்பினார். சாப்பாட்டுப் பொட்டலத்தை அவள் கையிலிருந்து வாங்கும்போது கையை முதலில் பார்த்து, பிறகு முகத்தைப் பார்த்து, பிறகுதான் வாங்கினார். பெண்டாட்டி மேல் இப்படியொரு பிரியமா என்று முனீஸ்வரிக்கு ஆச்சரியம். ஊரில் போய் அப்படித்தான் பரப்பினாள். இப்போது ஓடைப்பட்டியில் அவர்கள் எடுத்துக்காட்டான தம்பதி. ஒரு கல்யாணத்தில் மேடைக்கே கூப்பிட்டு ஆசீர்வாதம் பண்ணச் சொன்னார்களாம்.

திராட்சை இந்த வருஷம் சுமார். சுருளியாண்டி இப்போதெல்லாம் வரப்பிலிருந்து காப்பி கேட்பதில்லை. பந்தலுக்கு அடியில் குனிந்து நுழைந்து, இலைகளை விலக்கிக்கொண்டு, அவள் நிற்கும் இடம்வரை வருகிறார். அரையிருட்டில் முகம் சரியாகத் தெரியாத தூரத்தில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்கிறார்:

"ஜோதி, நீதானா?"

அவள் கையிலிருக்கும் கொத்தை முடித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள்.